ஆயிரம் ரூபாயின் சாவி யார் கையில்?

வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பூக்கடை. கடை என்றால் ஒரு பிரம்புத் தட்டு, ஈரச்சாக்கு, வெயிலுக்கு ஒரு குடை. தட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒலிப்பெட்டி. இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனை நீட்டி ஸ்கேன் செய்தேன். அறுபது ரூபாய் வந்துவிட்டதாகப் பெட்டி கணீரென்று தமிழில் சொன்னது. பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா தலைநிமிரவே இல்லை. காதாலேயே கணக்கைச் சரிபார்த்துவிட்டு அடுத்த கண்ணியைப் போட்டார்.

"இந்தப் பணம் உங்க கணக்குக்குப் போகுதாக்கா?"

"இல்லம்மா, பையன் கணக்கு. ராத்திரி குடுத்துடுவான்."

"உங்களுக்குன்னு கணக்கு இல்லையா?"

"ஏன் இல்ல? மாசா மாசம் ஆயிரம் ரூவா ஏறுதே. ஏடிஎம் கார்டுகூட குடுத்திருக்காங்க. அரிசிப் பானைல வெச்சிருக்கேன்."

மாதம் ஒரு முறை அந்த அட்டை பானையிலிருந்து வெளியே வரும். பையனிடம் கொடுப்பார். அவன் ஊரில் இல்லாவிட்டால் எதிர்வீட்டுப் பெண்ணிடம். பின் நம்பரை அட்டை வந்த உறையின் மேலேயே பேனாவால் எழுதிவைத்திருக்கிறார், மறந்துவிடக் கூடாது என்று.

நாள் முழுக்க ஜிபேயிலும் போன்பேயிலும் பணம் வாங்குகிற ஒரு பெண், தன் பெயரில் அரசு போடுகிற பணத்தை அதே வழியில் செலவழிக்க முடியாமல் இருக்கிறார். ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் அதன்பிறகு சில வாரங்கள் வங்கி வாசல்களிலும் ஏடிஎம் வரிசைகளிலும் நின்றேன். அட்டையில் கோளாறு இல்லை. வேறோர் இடத்தில் இருக்கிறது.

பெயரிலேயே உரிமை

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி மைதானத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 21 வயது நிரம்பிய, ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத குடும்பத்துப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். முதல் கட்டத்திலேயே 1 கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 2025 டிசம்பரில் நடந்த விரிவாக்கத்துக்குப் பிறகு எண்ணிக்கை 1.30 கோடியைத் தொட்டது. தொடக்க விழா மேடையிலேயே பெண்களின் கைகளில் ஏடிஎம் அட்டைகள் கொடுக்கப்பட்டன.

இதை உதவித்தொகை என்று அழைக்கவில்லை. உரிமைத் தொகை என்றார்கள். வீட்டில் ஊதியமில்லாமல் உழைக்கிற பெண்ணின் உழைப்பை அங்கீகரிக்கிற பணம் இது என்பதுதான் அரசு சொன்ன விளக்கம். எனக்கு அந்தச் சொல் பிடித்தது, இன்றும் பிடிக்கிறது. பிடித்த காரணத்தால்தான் அந்த உரிமை கடைசி ஓர் அடியில் எங்கே நழுவுகிறது என்பதை எழுதியாக வேண்டியிருக்கிறது.

அரசு கொடுக்கும் பணத்துக்கென அட்டை என்பது உலகில் பல இடங்களில் உண்டு. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குபவர்களில் வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்காக 2008இல் டைரக்ட் எக்ஸ்பிரஸ் என்ற மாஸ்டர்கார்டு வந்தது. அங்கே அட்டைதான் கணக்கு. பணம் நேராக அதில் ஏறும். அட்டையை வைத்திருப்பவர் கடையிலும் தேய்க்கலாம், இணையத்திலும் எண்ணை இட்டு வாங்கலாம். நம் ஊர் அட்டை அப்படிப்பட்டதல்ல. பணம் ஏறுவது சாதாரணச் சேமிப்புக் கணக்கில். அட்டை அந்தக் கணக்கின் ஒரு கதவு மட்டும். இன்னொரு கதவு யுபிஐ. அந்தக் கதவின் சாவி அட்டையில் இல்லை, சிம்மில் இருக்கிறது.

பூட்டியே வரும் அட்டை

முதலில் பலரையும் குழப்புகிற ஒரு சின்னச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். புதிய அட்டையை வைத்து இணையத்தில் ஏதாவது வாங்கப் பார்த்தால் பணம் போகாது. கணக்கில் ஆயிரம் ரூபாய் இருக்கும், எண்ணைச் சரியாகத்தான் அடித்திருப்பார்கள், இருந்தாலும் போகாது. "கவர்மென்ட் குடுத்த கார்டு, அதான் வேல செய்யல" என்று ஒரு இளம் தாய் என்னிடம் சொன்னார். அரசு கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, அந்த ஆண்டு மார்ச் 16 முதல் எந்த வங்கி தரும் எந்தப் புதிய அட்டையும் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளின் ஸ்வைப்பிங் மிஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். இணையப் பயன்பாடு பூட்டியே இருக்கும். வங்கியின் செயலியிலோ, ஏடிஎம் திரையிலோ, கிளையிலோ அட்டைக்காரரே கேட்டுத் திறக்க வேண்டும். எவ்வளவு தொகை வரை என்ற வரம்பையும் அவரே வைக்கலாம்.

நல்ல ஏற்பாடு. ஆனால் திருட்டுக்கு அஞ்சிப் போட்ட பூட்டு என்பதை அட்டையோடு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் அட்டையே பழுது என்று எண்ணி அரிசிப் பானைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பானைக்குள் போன அட்டையால் இன்னொரு இழப்பும் உண்டு. ஜன்தன் கணக்கோடு வரும் ரூபே அட்டையில் விபத்துக் காப்பீடு சேர்ந்தே வருகிறது. 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு 2 லட்சம் ரூபாய், அதற்கு முந்தையவற்றுக்கு 1 லட்சம். அதற்கு ஒரு நிபந்தனை: விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அட்டையில் ஒரு பரிவர்த்தனையாவது நடந்திருக்க வேண்டும். மூன்று மாதம் அட்டையைத் தொடாமலே வைத்திருக்கும் ஒருவர், தனக்கு இப்படி ஒரு காப்பீடு இருந்ததையும் அறிவதில்லை, அது கைவிட்டுப் போனதையும் அறிவதில்லை.

யாருடைய நம்பர்?

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதில் ஒரு கணக்கைச் சேர்ப்பது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாம் அவசரத்தில் கட்டைவிரலால் தாண்டிப்போகிற திரைகளில்தான் இந்தக் கதை முழுக்க இருக்கிறது.

செயலியை இறக்கியதும் அது உங்கள் சிம்மிலிருந்து தானாக ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். அந்த எண்ணை வங்கி தன் பதிவேட்டில் தேடும். எண் அங்கே இருந்தால், அதன் பேரில் இருக்கும் கணக்குகள் திரையில் வந்து நிற்கும். அதன்பிறகு அட்டையின் கடைசி 6 இலக்கங்கள், அதன் காலாவதி மாதமும் ஆண்டும், ஓர் ஓடிபி. ரகசிய எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளலாம். முடிந்தது. அட்டைக்கு அதோடு வேலை இல்லை. இனி அதைப் பானையில் போட்டாலும், ஆற்றில் விட்டாலும் யுபிஐ ஓடும். அட்டை இல்லாதவர்கள் ஆதார் ஓடிபி வழியாகவும் ரகசிய எண் வைக்கலாம். அதற்கு ஆதாரிலும் வங்கியிலும் ஒரே கைப்பேசி எண் இருக்க வேண்டும்.

ஆக, முதல் கேள்வியே "வங்கியில் இருப்பது யார் நம்பர்?" என்பதுதான்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளை. தொகை ஏறும் 15ஆம் தேதிக்கு மறுநாள் காலை. எனக்கு முன்னால் நின்ற பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டேன். ஒருவர் கணவரின் எண் என்றார். ஒருவர் மூத்த மகனின் எண். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பணம் ஏறினால் அவன்தான் போன் போட்டுச் சொல்வான். ஒரு பாட்டி தன் கணக்கில் எந்த எண் இருக்கிறது என்றே தெரியாது என்றார். நூறு நாள் வேலைக்காகக் கணக்குத் தொடங்கியபோது முகாமில் வந்த தம்பி ஏதோ ஒரு நம்பரைப் போட்டுக்கொண்டாராம். தன் சொந்த எண் என்று சொன்னவர் அந்த வரிசையில் ஒரே ஒருவர், மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர்.

என் அம்மாவின் கணக்கிலும் இதுதான் நடந்தது. எங்கள் ஊருக்கு முகாம் போட வந்த ஒரு வங்கியில் அவருக்குக் கணக்குத் தொடங்கினோம். ஐந்து ஆண்டுகள் கழித்து யுபிஐயில் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது, பதிவேட்டில் இருந்தது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஓர் எண். அந்த எண்ணை அழைத்தேன். ஓசூரில் யாரோ எடுத்தார். அம்மாவின் கணக்கில் பணம் ஏறும்போதும் இறங்கும்போதும் அவருக்குத்தான் எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நல்ல மனிதர், "நானும் யார் பணமோன்னு பார்த்துட்டே இருந்தேம்மா" என்றார். எண்ணை மாற்ற எங்களுக்கு மூன்று நடை ஆனது. அவர் நல்லவராக இல்லாமலிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

கணவரின் எண்ணும் மகனின் எண்ணும் இருந்தால் என்ன, குடும்பம்தானே என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் ஆகாது. ஆனால் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதில் கணவரின் சிம். வங்கியிலும் அதே எண். அப்போது அவர் செயலியில் தன் கணக்கோடு மனைவியின் கணக்கும் வந்து நிற்கும். அட்டையை ஒரு நிமிடம் கையில் எடுத்தால் போதும், ரகசிய எண்ணை அவரே வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு 15ஆம் தேதி ஏறுகிற ஆயிரம் ரூபாயை அவள் ஏடிஎம்முக்குப் போவதற்குள் வேறெங்கும் அனுப்பிவிட முடியும். வரிசையில் நின்ற ஒரு பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போன மாசம் வந்து பார்த்தேன், எட்டு ரூவா இருந்துச்சு. கேட்டா, 'நான்தானே ரேஷன் வாங்கறேன்'ங்கறாரு." அவருடைய அட்டை அவரிடமேதான் இருந்தது. பர்ஸில், பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல்.

அரசின் பதிவேட்டில் பயனாளி அவர்தான், வங்கிப் புத்தகத்திலும் அவர் பெயர்தான். ஆனால் சிம் வேறொருவர் பையில் இருக்கும்வரை அந்தப் பெயர் வெறும் பெயராகவே நிற்கிறது.

சிறுவாடும் எஸ்எம்எஸ்ஸும்

நம் பாட்டிமாருக்கு ஒரு நிதி நிறுவனம் இருந்தது. அதன் பெயர் சிறுவாடு. அஞ்சறைப் பெட்டியின் கடுகுக் கிண்ணத்துக்குக் கீழே, புடவை மடிப்புக்குள், பருப்பு டப்பாவில். காய்கறிக் காசில் மிச்சம்பிடித்த எட்டணா, மாட்டுப்பால் விற்றதில் ஒதுக்கிய இரண்டு ரூபாய். மகள் பிரசவத்துக்கு, திடீர்க் காய்ச்சலுக்கு, சில சமயம் அடிவாங்கிய இரவில் தாய்வீட்டுக்குப் பேருந்து ஏற. அந்தப் பணத்தின் பலமே அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது என்பதில் இருந்தது.

உரிமைத் தொகையைப் பல பெண்கள் சிறுவாடாகத்தான் பார்க்கிறார்கள். இதைக் கொண்டாட வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் டிஜிட்டல் பணம் சத்தம் போடும். ஏறினால் ஒரு எஸ்எம்எஸ், இறங்கினால் ஒரு எஸ்எம்எஸ். யாருக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு என்று செயலியில் வரிசையாக நிற்கும். வீட்டில் பொதுவாகப் புழங்கும் போனில் இது மனைவியின் கைப்பையைத் தினமும் கவிழ்த்துப் பார்ப்பதற்குச் சமம். அதனால்தான் மகளிர் குழுவில் விவரம் தெரிந்த பெண்களே, ஜிபே வைத்திருந்தும், இந்த ஆயிரத்தை மட்டும் நோட்டாக எடுத்துவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்து விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தங்கள் வீட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ரொக்கமாக எடுப்பதும் உரிமைதான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. யுபிஐ லைட். செயலிக்குள்ளேயே ஒரு சின்னப் பர்ஸ். அதில் 5,000 ரூபாய் வரை போட்டுவைக்கலாம். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே கொடுக்கலாம். பர்ஸில் பணம் போட்டது மட்டும் வங்கிப் புத்தகத்தில் வரும். அதிலிருந்து டீக்கு 12, பேருந்துக்கு 20, பேரனுக்கு மிட்டாய் 5 என்று போனவை அங்கே வராது. ஆனால் போன் கைமாறினால் அந்தப் பணமும் கைமாறும், ரகசிய எண் கேட்காது என்பதால். தன் போன் தன்னிடமே இருக்கிற பெண்ணுக்கு மட்டும்தான் இது பர்ஸ்.

ஆயிரத்திலிருந்து உதிர்வது

மாதச் சம்பளக்காரருக்கு 20 ரூபாய் கட்டணம் கண்ணில் படாது. ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அது இரண்டு நாள் கீரை.

திட்டம் தொடங்கிய முதல் வாரத்திலேயே இது வெடித்தது. கணக்கில் ஏறிய ஆயிரத்தைச் சில வங்கிகள் பழைய கடன் பாக்கிக்கும் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதத்துக்கும் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை வெளிப்படையாகக் கண்டித்தார். பிடித்தம் நடந்தால் முதல்வரின் உதவி மையத்தில் 1100 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம் என்று அரசு அறிவித்தது. கண்டித்தது சரி. ஆனால் பிடித்தம் நடந்தது தெரிந்தால்தானே புகார் செய்ய முடியும்? தெரிவிக்கும் எஸ்எம்எஸ் திருப்பூருக்கோ ஓசூருக்கோ போய்க்கொண்டிருக்கிறதே!

கட்டணத்தின் கதை இதைவிடப் பழையது. ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளில் மாதத்துக்கு நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். யுபிஐயில் பத்து ரூபாய்க்குப் பூ வாங்கினாலும் அதையும் "எடுத்தது" என்று எண்ணினால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. பாரத ஸ்டேட் வங்கி நான்குக்கு மேற்பட்ட ஒவ்வொரு டிஜிட்டல் பரிவர்த்தனைக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்ததை மும்பை ஐஐடி ஆய்வு ஒன்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஏழைகளை டிஜிட்டலுக்கு வாருங்கள் என்று ஒரு கையால் அழைத்து, வந்ததற்கு மறுகையால் அபராதம் வாங்கிய காலம் அது. 2020 ஆகஸ்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் தலையிட்டு, அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ரூபே, யுபிஐ பரிவர்த்தனைகளுக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அடிப்படைக் கணக்குகளில் யுபிஐயை இந்த நான்கில் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 டிசம்பரில் விதியிலேயே எழுதிவிட்டது.

இப்போதைய உதிர்வு வேறு வழியில் நடக்கிறது: ஆட்டோபே. ஒரு ரூபாய்க்கு ஒரு மாதம் சினிமா, ஒரு ரூபாய்க்கு ராசிபலன், குழந்தைக்கு ஏபிசிடி சொல்லித்தரும் செயலி. பேரன் விளையாட்டாக அழுத்துவான். ரகசிய எண்ணைப் பாட்டியிடமே கேட்டு வாங்கிப் போடுவான். அந்த ஒரு முறை போட்டதே மாதாமாதம் எடுத்துக்கொள்ள அனுமதியாகிவிடும். அதன்பிறகு 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு மறுபடி எதுவும் கேட்கத் தேவையில்லை. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. மறுபடியும், எந்த எண்ணுக்கு? ஜிபேயோ போன்பேயோ, செயலியைத் திறந்து "ஆட்டோபே" என்ற பகுதிக்குள் போனால் யார் யாருக்கு நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும், அங்கேயே ரத்தும் செய்யலாம். இதைப் படிக்கிறவர்கள் இன்று இரவு தங்கள் அம்மாவின் போனை வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம் வந்து சேரும் கணக்கே மாறிப்போவதும் உண்டு. ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் அரசுப் பணம், அந்த ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். 2017இல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கி விவகாரம் இப்படித்தான் வெடித்தது. சிம்முக்காக ஆதார் சரிபார்க்கப் போனவர்களுக்கு அவர்கள் அறியாமலே கணக்குத் தொடங்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அதில் போய் விழுந்தது. ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்திவைத்தது. சுமார் 190 கோடி ரூபாய் பழைய கணக்குகளுக்குத் திரும்பியது. புதிதாக ஏதாவது செயலியிலோ கடையிலோ ஆதார் கொடுத்துக் கணக்குத் தொடங்கும்போது, "அரசு மானியத்தை இங்கே பெற சம்மதம்" என்ற வரிக்கு எதிரே தானாக டிக் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அடுத்த மாதம் ஆயிரம் ரூபாய் வரவில்லை என்று ஓடுகிறவர்களில் சிலரின் பணம் அவர்கள் மறந்துபோன கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

வாங்குவதற்கு ரகசிய எண் வேண்டாம்

மோசடியைப் பற்றிப் பெரிதாகச் சொல்லப்போவதில்லை, எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் ஊர்ப் பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: ரகசிய எண் போடுவது பணம் கொடுப்பதற்கு மட்டும். வாங்குவதற்கு எதுவும் போட வேண்டாம். "உரிமைத் தொகை உசத்தியிருக்காங்க, இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அவன் எடுக்கத்தான் வருகிறான். தனி நபர்கள் யுபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டது, அதனால் ஒரு சந்து அடைபட்டது. மற்ற சந்துகள் திறந்தே இருக்கின்றன.

பணம் போய்விட்டால் உடனே 1930. அந்த எண்ணுக்குச் சொல்லும் வேகத்தில்தான் பணத்தை வழியில் மறிக்க முடியும். நம் தவறு இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் புகுந்து எடுத்திருந்தால், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்பவருக்கு ஒரு பைசா நட்டம் வரக் கூடாது என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொடுத்த உத்தரவாதம். வங்கி 10 வேலை நாட்களில் அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஓடிபியையோ ரகசிய எண்ணையோ நாமே சொல்லியிருந்தால் புகார் செய்யும்வரையிலான நட்டம் நம்முடையது. உறையின் மேல் எழுதிய பின் நம்பரோடு அட்டையைப் பிறரிடம் கொடுத்தனுப்புவது இந்த இரண்டாவது வகையில் வந்துவிடும் என்பதைப் பூக்கடை அக்காவிடம் சொன்னபோது, அவர் கை ஒரு நொடி கண்ணி போடாமல் நின்றது.

மகளுக்குத் திறந்த கதவு

இதே அட்டை வேறு கைகளில் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்தேன். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய்தான், வங்கி அட்டையோடு. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி வாசலில் மூன்று மாணவிகளிடம் கேட்டேன். மூன்று பேரும் முதல் தொகை ஏறிய நாளே யுபிஐயில் சேர்த்துவிட்டார்கள். பஸ் பாஸ், ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதில்தான். கணக்குத் தொடங்கும்போதே தங்கள் எண்ணைக் கொடுத்திருந்தார்கள், போனும் அவர்கள் கையில் இருந்தது.

அவர்களில் ஒரு பெண் தன் அம்மாவுக்குச் செய்ததைச் சொன்னாள். முதலில் அம்மாவோடு வங்கிக்குப் போய்க் கைப்பேசி எண் மாற்றும் படிவம் கொடுத்தாள். "அப்பா நம்பர் போதாதா, ஏம்மா மாத்தறீங்க?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டாராம். "போதாது சார், இது எங்கம்மா பணம்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். எண் மாறியபின் பழைய பட்டன் போனையே வைத்துக்கொண்டு 123பேயில் சேர்த்திருக்கிறாள். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகம் செய்த ஏற்பாடு அது. இணையம் வேண்டாம், குரல் வழியாகவே பணம் அனுப்பலாம். அதிலும் சேரும்போது அட்டை விவரமும் வங்கியில் பதிந்த சொந்த எண்ணும்தான் கேட்கும். அம்மா இப்போது மாதம் ஒரு தடவை கேஸ் சிலிண்டருக்குத் தானே பணம் கொடுக்கிறார். "கேஸ்காரர் கிளம்பற வரைக்கும் வாசல்லயே நிப்பாங்க. அவர் போன்ல மெசேஜ் வந்துச்சான்னு கேட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க" என்று சிரித்தாள்.

அரசு மனது வைத்தால் இந்த வேலையை மகள்களிடம் விட்டுவைக்கத் தேவையில்லை. விண்ணப்பங்களைப் பதிவுசெய்ய ஊர் ஊராக முகாம் போட்ட நிர்வாகம் இது. ரேஷன் கடை வாரியாக நாள் குறித்து, டோக்கன் கொடுத்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை வாங்கினார்கள். அதே முகாமை இன்னொரு முறை, வங்கியில் இருப்பது உங்கள் எண்தானா என்ற ஒரே ஒரு கேள்விக்காகப் போடலாம். வங்கி ஊழியர் ஒரு மேசை, ஆதார் மையம் ஒரு மேசை. அட்டையை அங்கேயே திறந்து, வரம்பு வைத்து, யாரும் எட்டிப்பார்க்காத மறைப்புக்குள் அவர்களையே பின் நம்பர் மாற்றச் செய்யலாம். பணம் கொடுப்பதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

அரிசிப் பானைக்குத் திரும்பி

அடுத்த மாதம் வாலாஜாபாத்துக்கு மறுபடி போனேன். எண் மாற்றும் படிவம் ஒன்றை வங்கியில் வாங்கி, நிரப்ப வேண்டியதை நிரப்பி, கையெழுத்து இடத்தில் பென்சிலால் குறி போட்டு எடுத்துப்போயிருந்தேன். அக்கா அதை ஈரக்கையால் தொடாமல் புடவை நுனியால் பிடித்து வாங்கினார். பின் நம்பர் எழுதிய உறையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"உங்க பேர்ல சிம் இருக்காக்கா?"

"இருந்துச்சும்மா. ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டேன். இப்ப அந்த நம்பருக்குப் போட்டா வேற யாரோ எடுக்கறாங்களாம்."

என் அம்மாவின் கணக்கில் இருந்த எண்ணும் இப்படித்தான் கைமாறி ஓசூர்க்காரரிடம் போனதா என்று எனக்குச் சட்டென்று தோன்றியது. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டு, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படிக் கைமாறிய எண்களை வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவேட்டிலிருந்து களைய வேண்டும் என்று 2025 ஏப்ரலிலிருந்து வங்கிகளுக்கும் யுபிஐ செயலிகளுக்கும் விதி வந்திருக்கிறது. அதை அவரிடம் விளக்கிவிட்டு, புது சிம் வாங்கிவிடலாம், நானே கூட வருகிறேன் என்றேன்.

ஒலிப்பெட்டி நடுவில் ஒரு முப்பது ரூபாயை அறிவித்தது. அக்கா அதைக் காதில் வாங்கி, ஒரு முழத்தை அளந்து கிள்ளி, வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சிம்மு செத்துப்போகாம இருக்க மாசம் எவ்ளோம்மா ஆகும்?"

"இருநூறு ரூபாய்க்குப் பக்கத்துல ஆகும்க்கா."

"ஆயிரத்துலயா?" என்று கேட்டார்.